சங்கரன் குறைத்து வைத்த எல்லை

இன்று 2008 மே 14. எனக்கு அறுபத்துநான்கு வயது, இரண்டு மாதம். காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. சங்கரன் கீழ்பென்னாத்தூரில் தம் வீட்டில் மாரடைப்பால் இறந்துவிட்டார். என்னைவிட இளையவர்களுக்கு அஞ்சலி எழுதும் பழக்கம் எனக்கில்லை. பழகிக்கொள்ளும் விருப்பமும் இல்லை.

நம் கல்லூரியின் கணிப்பொறி மையம் அவர் பொறுப்பில் இருந்தது. 1999 கோடையில் அங்கிருந்த ஒரே சர்வரில் லினக்ஸை ஏற்றினார். செயலியின் சூட்டைக் காட்டும் நிரல் ஒன்றையும் நிறுவினார். குறித்த எல்லையைச் சூடு தாண்டினால் இயந்திரம் கீச்சிடும். அப்போது மட்டுமே ஏசி போடலாம் என்பது முதல்வரின் ஆணை. "ஏசி மிஷினுக்குத்தான், மனுஷங்களுக்கு இல்ல" என்பார். மலைப்பாறையின் அனல் ஊர்மேல் இறங்கும் மாதங்களிலும் அந்த ஆணை தளரவில்லை.

கணிதத்துறைக்காரியான நான் அந்த அறையில் மதிப்பெண்களைச் சரிபார்ப்பேன். முற்பகலிலேயே கீச்சொலி கேட்கும். தாழ்வாரத்தில், அன்று உடன் வேலைபார்த்த நீங்கள் சிரிப்பீர்கள். "இன்னா சார், உங்க கொழந்தைக்கு இன்னிக்கும் ஜுரமா?" என்பார் இயற்பியல்துறை நண்பர். "ஆமாங்க, ஜாஸ்தியாயிடுச்சு. ஏசியப் போட்டுட்டேன்" என்பார் சங்கரன், முகம் மாறாமல்.

மூன்றாம் கோடையின் முடிவில், வெளியூர்ப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர் வந்து அமைப்புகளைத் திறந்து பார்த்தார். அறுபது டிகிரி இருக்க வேண்டிய எல்லை நாற்பதாக இருந்தது. முதல்வர் எல்லோர் எதிரிலும் கேட்டார்: "இதுகூடத் தெரியாமத்தான் சென்டரப் பாத்துக்கிட்டிங்களா?"

உண்மையைச் சொல்லியிருந்தால் பொறுப்பு தப்பியிருக்கும். "தப்பா போட்டுட்டேங்க சார்" என்றார் சங்கரன். நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்ட அனுப்பினார்கள். கடைசிவரை அதுதான் அவர் வேலை.

அன்று முதல்வர் முன் நான் பேச வாயெடுத்ததைக் கண்ணாலேயே தடுத்தார். வெளியே வந்ததும், "சும்மா இருங்க மேடம். நீங்க சொல்லிட்டா நான் பண்ணதெல்லாம் வீணாயிடும்" என்றார். நான் ஓய்வுபெற்ற பின், இப்போதாவது சொல்லிவிடட்டுமா என்று மறுபடி கேட்டேன். "முடிஞ்சுபோச்சு, வுடுங்க மேடம்" என்றார். அவர் பேச்சை மதித்தேன். மதித்திருக்க வேண்டாம் என்று இன்று தோன்றுகிறது. இன்று தோன்றி யாருக்கு என்ன பயன்.

அவரைத் திறமையற்றவர் என்று நினைத்தவர்களுக்குச் சொல்கிறேன். எனக்கு நரம்பு நோய். உடல் சூடேறினால் பார்வை மங்கிவிடும். தெரிந்திருந்தால் நிர்வாகம் அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். சங்கரனிடம் மட்டும் சொல்லியிருந்தேன். மூன்று கோடைகளின் பார்வை, அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது. அந்த இயந்திரம் ஒருநாளும் அளவுமீறிச் சூடானதில்லை. அவர் குளிர்வித்தது என்னை.