பெட்டி மேல் இருந்த நான்கு எழுத்து

எக்ஸ்போர்ட் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எல்.சி. என்றால் என்ன, ஷிப்பிங் பில் எப்படிப் போடுவது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது வேறு. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் சரக்கு போய்ச் சேரவேண்டிய நாடே இல்லாமல் போய்விட்டது.

1. ஸ்டென்சில்

கோயம்புத்தூரில் சாயங்கால வகுப்புக்குப் போய் ரஷ்ய மொழி படித்த ஆள் நான். மில் ஃபிட்டரின் மகளுக்கு எதற்கு ரஷ்யன் என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கு உலகம் வேண்டியிருந்தது. பீளமேட்டில் ஒரு நூல் ஏற்றுமதி ஆபீசில் வேலை கிடைத்தது. டெலக்ஸ் படிப்பேன், மொழிபெயர்ப்பேன், பெட்டிமேல் போய்ச்சேரும் நாட்டின் மார்க் போடுவதற்கு ரஷ்ய எழுத்தில் ஸ்டென்சில் தகடு வெட்டிக் கொடுப்பேன். சோவியத் யூனியனின் பெயரைச் சுருக்கினால் அவர்கள் எழுத்தில் நான்குதான். கறுப்பு மையில் பெட்டி பெட்டியாக அது விழுவதைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு பெருமை.

முதலாளி வெங்கடசாமி மூன்று தலைமுறையாகப் பஞ்சு, நூல் வியாபாரம். டீக்கு வந்தது பின்னால். "நூல் வாங்கற கை டீயும் வாங்குமல்லங்க" என்பார். வாங்கியது. இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்ட ரூபாய்க் கணக்கில் வியாபாரம், டாலர் தேவையில்லை, கேள்வி கிடையாது. வால்பாறையில் ஒரு சின்ன எஸ்டேட் ஃபேக்டரியின் மொத்த டீயும் எங்கள் வழியாகத்தான் போயிற்று.

அந்த ஃபேக்டரியில் டீ மேக்கர் பழனிசாமி, அன்னூர்க்காரர். இலையை அரைத்தபிறகு மற்றவர்களைவிட அதிக நேரம் காற்றில் விட்டு, லிக்கர் என்கிற டீச்சாறு கருகருவென்று இறங்கும்படி செய்வார். ரஷ்யர்களுக்கு அதுதான் பிடிக்கும். வேறு யாருக்கும் பிடிக்காது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வேறு யாருக்கும் சாம்பிள் அனுப்பியே வருஷக்கணக்காகியிருந்தது.

2. ரஷ்யாக்காரர்

சரக்கை ருசி பார்த்துப் பாஸ் செய்ய அவர்கள் தரப்பில் ஓர் இன்ஸ்பெக்டர் கோவையில் தங்கியிருந்தார். பெயர் இயோன். ஆபீசில் எல்லாருக்கும் அவர் ரஷ்யாக்காரர். அவர் குடோனுக்கு வந்தால் லோடுமேன்கள் பீடியை அணைத்துவிடுவார்கள். டீ பக்கத்தில் புகை கூடாது என்று அவர் ஒருமுறை விரலைத் தூக்கியதோடு சரி. விரல் போதும்.

1991 கடைசியில் சோவியத் யூனியன் கலைந்துவிட்டது என்று ரேடியோவில் செய்தி வந்தது. டெலக்ஸ் மெஷின் வாயைத் திறக்கவில்லை. வால்பாறைப் பெட்டிகள் மார்க் போட்டுக் கொச்சி போகத் தயாராகக் குடோனில் நின்றன. பழைய கணக்கில் இனி எதுவும் நகராது, டாலரில் எல்.சி., அதாவது வாங்குகிறவரின் பேங்க் தரும் பண உத்தரவாதம், வந்தால் பேசலாம் என்றார் பேங்க் மேனேஜர். டாலருக்கு நம் நாடே திண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது.

முதலாளி மட்டும் அசையவில்லை. "அத்தனை பெரிய தேசமுங்க அம்மணி. எங்க போயிரும்? நாலு நாள் போனாச் சரியாப் போயிரும்" என்றார். பழனிசாமிக்கும் போனில் அதையே சொன்னார்: பக்குவத்தை மாற்ற வேண்டாம், அப்படியே ஓட்டுங்கள். மலைமேல் தூளை உலர்த்தும் டிரையர் ஓடிக்கொண்டே இருந்தது.

இயோன் ஒருநாள் ஆபீசுக்கு வந்தார். சரக்கைப் பாஸ் செய்யும் காகிதத்தில் முதலாளி கையெழுத்துக் கேட்டார். எத்தனை வேண்டுமானாலும் போடுகிறேன், அந்தப் பக்கம் வாங்கிப் படிக்கத்தான் ஆள் இல்லை என்று அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். பிறகு அவர் சுவரில் இருந்த உலகப் படத்துக்குப் பக்கத்தில் போய், அந்தப் பெரிய சிவப்புப் பரப்பின் ஓரத்தில் சுண்டுவிரல் நுனியை வைத்தார். தான் ரஷ்யர் இல்லை, மால்டோவாக்காரர், இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். அவர் விரலை எடுத்தபிறகு நான் கிட்டப்போய்ப் பார்த்தேன். அங்கே கோடுகூட இல்லை.

3. மண்ணெண்ணெய்

கோடை வெயில் ஏறிய பிறகுதான் முதலாளி பிடிவாதத்திலிருந்து இறங்கிவந்தார். பெட்டிகளைக் கோவை டீ ஏலத்தில் விடலாம் என்றார். இல்லாத நாட்டின் பெயரோடு ஏலத்துக்கு வைத்தால் விலையாகாத சரக்கு என்று தெரிந்துவிடுமாம். அதனால் மார்க்கை அழிக்க வேண்டும்.

நூல் பேலுக்கு மார்க் மாற்றுவது எங்கள் குடோனில் தினப்படி வேலை. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைப்பார்கள், மேலே புது மார்க் அடிப்பார்கள். நூலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. டீப்பெட்டிக்கும் அதையே ஆரம்பித்தார்கள். முதலாளி பக்கத்திலேயே நின்றார். நான் வெட்டிய எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கரைந்து வழிந்தன.

இயோன் அன்றைக்கு விடைபெற்றுப் போக வந்திருந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். விரலைத் தூக்கினார். யாரும் நிறுத்தவில்லை. கிட்டத்தில் வந்து, டீ எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும், உள்ளே ஈயத்தாள் இருந்தாலும் மூலையில் மடிப்பு விட்டிருக்கும், உடனே நிறுத்துங்கள் என்றார். நான் சொன்னேன். முதலாளி காதில் விழாததுபோல இருந்தார். மறுபடியும் சொன்னேன்.

"ஏனுங்க அம்மணி, அவருக்கே இப்ப ஊரில்ல, நாடில்ல. நம்ம சரக்குக்கு அவரு என்னத்தங்க சொல்றது?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. இயோனுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவும் இல்லை. சட்டைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். அட்டைமேல் அதே நான்கு எழுத்து, தங்க நிறத்தில். துடைத்துக்கொண்டிருந்த ஆறுமுகத்திடம் நீட்டி, இதையும் துடைத்துத் தருவாயா என்று கேட்டார். நான் சொன்னதும் ஆறுமுகம், "அதுக்கென்னங்க சார், குடுங்க, செஞ்சுபோடறேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இயோனும் சிரித்தார். அதன்பின் நான் அவரைப் பார்க்கவில்லை.

4. ஒரு கப்

ஏலத்துக்கு முன் புரோக்கர் ஆபீசில் ருசி பார்ப்பார்கள். முதலாளியோடு நானும் போயிருந்தேன். பழனிசாமி முதல் பஸ்ஸைப் பிடித்து, கொண்டைஊசி வளைவெல்லாம் இறங்கி, சலவைச் சட்டையோடு வந்திருந்தார். இந்தச் சரக்கு விலையானால்தான் ஃபேக்டரியில் அடுத்த மாதச் சம்பளம்.

புரோக்கர் ஒரு ஸ்பூன் உறிஞ்சினார், துப்பினார். அடுத்த கப்பிலும் அப்படியே. "பழனிச்சாமி, கருப்பா இருக்கறதக்கூடப் பேசி ஒப்பேத்தலாம். இது மண்ணெண்ணெய்ங்க. ஏலத்துக்கு ஏத்த முடியாது."

பழனிசாமி தூளை உள்ளங்கையில் கொட்டி மூக்கருகே கொண்டுபோனார். வெகுநேரம் வைத்திருந்தார். "மொதலாளி, பொட்டிய எதுலீங்க தொடச்சாங்க?"

"எப்பவும் தொடைக்கறதுலதானுங்க."

பழனிசாமி ருசி பார்க்கிற கப் ஒன்றை எடுத்தார். அந்த அறையில் யாரும் விழுங்க மாட்டார்கள். அவர் துப்பாமல் முழுதும் குடித்து முடித்தார். கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்.

"பொட்டிய மலைக்குத் திருப்பி அனுப்பிப்போடாதீங்க மொதலாளி. லைன் வீட்டுல இருக்கற தோட்டத்து ஆளுங்க பாப்பாங்க."

அனுப்பவில்லை. மழைக்காலத்துக்கு முன் ஃபேக்டரி நின்றது. இலையைப் பக்கத்துப் பெரிய கம்பெனி வாங்கிக்கொண்டது, ஆட்களை வாங்கிக்கொள்ளவில்லை. பழனிசாமி கோபிசெட்டிபாளையத்தில் மச்சான் ரைஸ்மில்லைப் பார்த்துக்கொள்கிறார் என்று கேள்வி.

5. திருப்பூர்

இப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட்டில், வாங்குகிறவர்களோடு பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர். போன மாதம் ஒரு சிவப்புத் துணி. சாயம் நிற்காது, முதல் சலவையிலேயே பக்கத்து வெள்ளையில் ஏறும் என்று லேப் டெஸ்ட்டில் தெரிந்தது. வாங்குகிற அமெரிக்க பையருக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடியும் அனுப்பினேன். நாங்கள் அனுமதித்த நிறத்துத் துணியையே தைத்து அனுப்புங்கள், உங்கள் அபிப்பிராயம் கேட்கவில்லை என்று இரண்டு வரி வந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு இயோன் தூக்கிய விரல் ஞாபகம் வந்தது. அதே மூக்கு, அதே விரல். நாடு இருந்த வருஷம் அதைப் பார்த்துக் குடோனே நின்றது; நாடு போனபிறகு யாரும் நிற்கவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: சரக்கில் கோளாறு என்று ஒருவர் சொன்னால், அவருடைய நாடு படத்தில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்க்காதீர்கள். சரக்கை முகர்ந்து பாருங்கள். நாம் சொல்லும்போது நம்மையும் அப்படித்தான் பார்ப்பார்கள். அப்போதும் இரண்டாவது முறை சொல்லுங்கள்.

நான் மூன்றாவது ஃபேக்ஸ் அனுப்பியிருக்கிறேன். சிவப்புத் துணி இன்னும் வெட்டாமல் கட்டிங் டேபிளில் கிடக்கிறது.