கசெற்றில் விடுபட்ட பெயர்

ஐஸ் கட்டியில் மரக்கொட்டனால் ஒரு போடு. வாய்க்குள் ஒரு சொல். அடுத்த போடு, அடுத்த சொல். "பாரை... சாரை... சீ, உது சரிவராது." ஐஸ் நொறுங்கி மீன்பெட்டிக்குள் விழுந்துவிட்டது, சொல் இன்னும் விழவில்லை. சிமியோன் அண்ணை மீசை நுனியைக் கடித்துக்கொண்டு அடுத்த கட்டியை இழுத்துப் போடுகிறார். குருநகர்க் கரையில் அவர் வேலை செய்யும் மீன்வாடிக்குப் போனால் எந்த நாளும் இந்தக் காட்சிதான். பெட்டி தாமதமாகிறதென்று முதலாளி ஏசுவார், அண்ணை தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் பாட்டுக்குச் சொல் தேடி முணுமுணுப்பார்.

எங்கள் ஒழுங்கையில், இந்தக் குறுகிய தெருவில், கலியாணமோ ஞானஸ்நானமோ பெருநாளோ, டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு பைலா மெட்டில் பாடுகிறவர் இவர்தான். தாளில் எழுதி வைத்துப் பாடுகிற பழக்கமில்லை. எதிரில் இருப்பவரைப் பார்ப்பார், அவருடைய பெயரைச் சொல்லியே நையாண்டி பண்ணுவார். வேறு ஊரில் இப்படிப் பாடினால் அடி விழும். எங்கள் ஒழுங்கையில் அது மரியாதை. ஒரு கலியாணத்தில் தன்னைப் பாடவில்லை என்று கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே எழுந்துபோன மணப்பெண்ணின் மாமன் ஒருவர் இன்னும் இவரோடு கதைப்பதில்லை.

இந்தப் பாட்டுகளில் எல்லாருக்கும் பிடித்தது லூர்த்தம்மாவின் பாட்டு. லூர்த்தம்மா கடகத்தில் மீன் சுமந்து சந்தையில் விற்கிறவர். நிறுவையில் தகராறு பண்ணிய சுன்னாகத்து வியாபாரி ஒருவரை, கையில் இருந்த அறுக்குளா மீனாலேயே முதுகில் சாத்திவிட்டார். அன்று பின்னேரமே பாட்டுப் பிறந்தது.

"அறுக்குளாவைத் தூக்கி அடிச்சவ ஆரம்மா?
சுன்னாகத்தான் முதுகைக் கேள், எங்கடை லூர்த்தம்மா!"

"ஓம்! ஓம்!" என்று பந்தல் முழுக்கக் கத்தும். லூர்த்தம்மா ஏசுவதுபோல் கையை ஓங்குவார். முகத்தில் மட்டும் அப்படியொரு பெருமை.

போன வருடம், எண்பத்துநாலு கடைசியில், பட்டணத்தில் கசெற் பதிந்து விற்கும் ரெக்கோடிங் பார் வைத்திருக்கும் பஞ்சலிங்கம் இந்தப் பாட்டைக் கசெற்றாக்க வந்தார். கெட்ட மனிதர் அல்ல, வியாபாரி. கொழும்பிலும் ஜேர்மனியிலும் இருக்கிறவர்களுக்கு லூர்த்தம்மாவை எங்கே தெரியப்போகிறது என்று கேட்டார். பெயரை எடுக்கச் சொன்னார். "ஓம்" என்றால் கோயில் மந்திரம் மாதிரிக் கேட்குமாம், அதையும் மாற்றச் சொன்னார். அண்ணை மைக்கையும் கிற்றாரையும் கண்ட மயக்கத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டார்.

"அறுக்குளாவைத் தூக்கி அடிச்சது யாராத்தி?
அந்த ஆளின் முதுகைக் கேள், நம்ம ராசாத்தி!"

பின்னால் நாலு குரல் "ஆமா! ஆமா!" என்கிறது. யாராத்தியாம்! எங்கள் ஒழுங்கையில் எவன் அப்படிக் கதைத்தான்? ஆனால் சும்மா சொல்லக் கூடாது, கேட்கக் கேட்கக் கால் தாளம் போடுகிறது. எனக்கு எரிச்சலே அதுதான். மினிபஸ்சில் அந்தப் பாட்டு, தேத்தண்ணிக் கடையில் அந்தப் பாட்டு. வெளிநாடு போகிற பெடியளின் பெட்டிக்குள்ளும் அதுதான். பஞ்சலிங்கம் இரண்டாவது கசெற்றுக்கு அவசரப்படுகிறார்.

பாடிய மனிதர் படுகிற பாடு வேறு. மினிபஸ்சில் தன் குரல் கேட்டால் அடுத்த தரிப்பிலேயே இறங்கி நடக்கிறார். மீன்வாடிக்கு லூர்த்தம்மா வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும், இவரோ கோயிலைச் சுற்றிப் போகிறார். இளந்தாரிகள் "ஆமா சிமியோன்" என்று பட்டம் வைத்துவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். கசெற் வந்த புதிதில் லூர்த்தம்மா சந்தைக்குள் மறித்து, "ஆரடாப்பா உந்த ராசாத்தி?" என்று கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. சும்மா பாட்டுக்காகப் போட்டது என்று இவர் இழுத்திருக்கிறார்.

"அடிச்சது நானெல்லோ," என்றாராம் லூர்த்தம்மா. அன்றோடு அண்ணையுடன் கதைப்பதை விட்டுவிட்டார்.

இந்த நிலையில்தான் லூர்த்தம்மாவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. அண்ணையின் மனைவி பெர்னடெட்டிடம் லூர்த்தம்மாவே வந்து முறையாக அழைப்புச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று முழுக்க அண்ணை ஐஸை மாவாகவே இடித்துவிட்டார்.

"பாடச் சொன்னாலும் பயம், சொல்லாட்டி அதைவிடப் பயம்," என்றார் என்னிடம். "போற இடமெல்லாம் கசெற்றிலை உள்ள மாதிரித்தான் கேக்கினம், தம்பி. இப்ப வாயைத் திறந்தால் ராசாத்தி எண்டுதான் வருகுது. லூர்த்தம்மா அக்காவுக்கு முன்னாலையும் அப்பிடி வந்திட்டால்?"

ஊரடங்குக்கு முன் எல்லாரும் வீடு போய்ச் சேரவேண்டும் என்பதால் விருந்தை மத்தியானமே வைத்துவிட்டார்கள். கோட்டை இராணுவ முகாம் பக்கம் வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் பந்தலில் கதை நின்று, பிறகு தொடர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார்தான் "கசெற் பாட்டுக்காரர் எங்கை?" என்று கேட்டு அண்ணையை மைக்குக்கு முன்னால் இருத்தினார்கள். லூர்த்தம்மா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அண்ணை மாப்பிள்ளையைப் பாடினார், மாப்பிள்ளைத் தோழனைப் பாடினார். பிறகு ஒருதரம் கண்ணை மூடித் திறந்தார்.

"அறுக்குளாவைத் தூக்கி அடிச்சவ ஆரம்மா?"

சரியாகத்தான் தொடங்கினார். அதற்குள் பந்தலில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் "ராசாத்தி!" என்று கத்தின. அதுகளைக் குறை சொல்லி என்ன, அதுகள் கேட்டு வளர்ந்தது கசெற்றைத்தான். பெரியவர்கள் சிலரும் "ஆமா! ஆமா!" போட்டார்கள். டோலக் நின்றுவிட்டது. பலகாரத் தட்டோடு வாசலில் நின்ற லூர்த்தம்மா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே திரும்பினார்.

அண்ணை எழுந்தார். கையில் மைக், பின்னால் வயர் இழுபட, நேரே போய் அவருக்கு முன்னால் நின்றார். மைக்கின் தலையை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு காதோரம் குனிந்தார். மெட்டில்லை, தாளமில்லை. "சுன்னாகத்தான் முதுகைக் கேள், எங்கடை லூர்த்தம்மா." பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. தட்டு அண்ணையின் தலைக்குத்தான் வரப்போகிறது என்று பயந்துபோனேன்.

லூர்த்தம்மா தட்டைக் கதிரையில் வைத்தார். மைக்கைப் பொத்தியிருந்த அண்ணையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். பிறகு மைக்கைத் தானே வாங்கி, அவருடைய வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.