இன்ஜினை அணைத்துச் சொன்ன பதில்

அறுவடை முடிந்து காலியாகக் கிடந்த எங்கள் சாமைக் கொல்லையிலிருந்து பறக்கலாமா என்று கேட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள். வெயிலில் மூக்கு நுனி மட்டும் தோலுரிந்து சிவந்திருக்கும். முதுகில் மாட்டிக்கொள்ளும் இன்ஜினும் விசிறியும், மூட்டையாகக் கட்டிய துணி இறக்கையும் அவருடைய சொந்தச் சொத்து.

இறக்கையைத் தரையில் விரித்து, அதன் மெல்லிய கயிறுகளை ஒவ்வொன்றாக விரலிடுக்கில் உருவிப் பார்ப்பார். நடுவில் வாய் திறந்து கவனம் தப்பினால் முதல் கயிற்றிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டுமாம். ஆகவே அப்போது யார் பேசினாலும் பதில் வராது.

இது தெரியாமல் ஒரு காலையில் என் மனைவி, "சாப்ட்டீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டாள். அவர் நிமிரவே இல்லை. கயிறுகளை முடித்தார், இன்ஜினை மாட்டினார், ஓடினார், எழும்பினார்.

"ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சிபோவுது?" என்றாள் அவள்.

அவர் மலை முகடு வரை போய்த் திரும்பி எங்கள் தலைக்கு மேலே வந்தபோது இன்ஜின் சத்தம் சட்டென்று நின்றது. "ஐயோ, வுழப் போறாரு!" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் விழவில்லை. இறக்கை பருந்து போல அப்படியே மிதந்தது. அந்த அமைதியில் மேலேயிருந்து குரல் வந்தது.

"இன்னும் சாப்புடலக்கா! எறங்கி வர்றேன்!"

பதில் சொல்வதற்காகத்தான் இன்ஜினை அணைத்திருக்கிறார். அத்தனை கயிறுகளுக்கும் அவ்வளவு ஆகாயத்துக்கும் நடுவில் அவள் கேள்வியை எங்கே பத்திரமாக வைத்திருந்தாரோ, எனக்கு இன்றும் விளங்கவில்லை.