கண்ணாடிக்குள் அக்கா

இரண்டு வருடங்களுக்கு முன், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. அடையாறில் என் தோழி குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளம். ஆழம் என் நெஞ்சு வரைக்கும்தான் இருக்கும். அதிலேதான் என் அக்காவை இழந்திருப்பேன்.

நானும் அக்காவும் அந்தமான் போவதாக இருந்தோம். அக்கா பள்ளியில் கணக்கு டீச்சர், அவளுக்குக் கோடை விடுமுறை. தேனாம்பேட்டை ஆபீஸில் நான் மல்லுக்கட்டி லீவு வாங்கியிருந்தேன். டிக்கெட் போட்டதிலிருந்தே எனக்கு ஸ்நார்கெலிங் பைத்தியம். கடலில் குப்புற மிதந்துகொண்டு, குழாய் வழியாக மூச்சு விட்டபடி, அடியில் இருக்கும் மீனையும் பவளத்தையும் பார்ப்பது. சாப்பாட்டு நேரம் முழுக்க அந்த வீடியோக்கள்தான் ஓடும். அக்காவோ மெரினாவில்கூடக் கணுக்கால் நனைகிற இடத்தைத் தாண்டாதவள். வீட்டில் எல்லோரும் அவளைப் 'பயந்தாங்கொள்ளி' என்றே கூப்பிடுவோம். அவளும் சிரித்துக்கொள்வாள்.

மாஸ்க், குழாய் எல்லாம் அந்தமானிலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் குழாயின் முனையை வாயில் கடித்துக்கொள்ள வேண்டும் என்று அம்மாவிடம் உளறிவிட்டேன். வந்தது வினை.

"ஊரே கடிச்ச எச்சில் குழாய, என் பொண்ணுங்க வாயில வைக்கணுமா? நல்லா இருக்கு போ!"

"கழுவித்தான்மா தருவாங்க."

"கழுவினா? எச்சில் எச்சில்தான்டி."

அதனால் அம்மா தலைமையில் பாண்டி பஜார் போனோம். விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் இரண்டு வகை எடுத்துக் காட்டினார்கள். ஒன்று, கண்ணையும் மூக்கையும் மட்டும் மூடுகிற மாஸ்க், கூடவே வாயில் கடிக்கிற தனிக் குழாய். இன்னொன்று, நெற்றியிலிருந்து தாடை வரை முகம் முழுவதையும் மூடும் பெரிய கண்ணாடி. குழாய் அதன் உச்சியிலேயே இருக்கும். எதையும் கடிக்கத் தேவையில்லை. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் அதுதான் பிடித்தது. போட்டுக்கொண்டு கடைக் கண்ணாடியில் பார்த்தால் ராக்கெட்டில் ஏறப்போகிறவள் மாதிரி இருந்தேன்.

அக்காவுக்கு மீடியம் சைஸ் கச்சிதமாகப் பிடித்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "எதுக்குடி மூஞ்சிய இப்படிப் புடிக்குது? பெருசு எடு, காத்தோட்டமா இருக்கும்." எங்கள் வீட்டில் பள்ளி யூனிஃபார்ம் முதல் செருப்பு வரை எல்லாமே ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவோம். அன்றைக்கும் அப்படியே ஆனது.

"பெருசும் நல்லாத்தான்மா கீது. ஆனா தண்ணில போட்டுட்டா ரிட்டர்ன் எடுக்க மாட்டோம், இப்பவே சொல்ட்டேன்" என்றபடி பெட்டியைக் கட்டிக் கொடுத்தார் கடைக்காரர்.

ஊருக்குப் போகும் முன் அக்காவுக்குப் பயம் தெளியட்டும் என்றுதான் தோழியின் குளத்துக்குப் போனோம். அம்மா கரையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டாள். அக்கா முகத்தை நீரில் வைத்ததுமே தாடைப் பக்கமாகத் தண்ணீர் கசிந்தது. பின்னே, பெரிய சைஸ் ஆயிற்றே!

"மாஸ்க் பட்டைய இன்னும் இறுக்கு மச்சி" என்றாள் தோழி. இறுக்கினேன். எண்ணெய்த் தலையில் பட்டை வழுக்கிக்கொண்டே வந்தது. "இங்க வா" என்று அம்மா கூப்பிட்டு, அக்காவின் நீளமான பின்னலைப் பட்டைகளுக்குள் நுழைத்து வாங்கி, மேலே கொண்டையாகச் சுருட்டி, ஊசிகளும் குத்திவிட்டாள். "இப்ப ஆடுதா பாரு!" ஆடவில்லை. கசிவும் நின்றுவிட்டது. நாங்கள் மூவரும் கை தட்டினோம்.

அக்கா குப்புறப் படுத்தாள். கொஞ்ச நேரம் கையைப் பிடித்திருந்தேன். பிறகு மெல்ல விட்டேன். மிதந்தாள்! கைகள் இரண்டையும் விரித்து, அலுங்காமல் மிதந்தாள். நான் கரையேறிப் போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தேன்.

"பாருடி, இவளா தண்ணிக்குப் பயந்தவ!" அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு தடவை அக்காவின் வலது கை முகத்தை நோக்கிப் போனது. "ஏய் பயந்தாங்கொள்ளி, அவ்ளோதானா? இன்னும் கொஞ்ச நேரம் இருடி!" என்று கத்தினேன். கை பழையபடி விரிந்துகொண்டது.

அதன் பிறகு அவள் அசையவே இல்லை. எவ்வளவு அமைதியாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். போன் திரையில் அவளைப் பெரிதாக்கியபோதுதான் பார்த்தேன். விரல் நுனிகள் மட்டும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. கால்கள் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன.

போன் எங்கே விழுந்தது என்று தெரியாது. குதித்து அவளைத் திருப்பினேன். கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பனி மூடியிருந்தது. உள்ளே முகமே தெரியவில்லை. அவள் மூக்கு உரசித் துடைத்த சின்னக் கீற்று வழியே ஒரு கண் மட்டும் தெரிந்தது. அது என்னைப் பார்க்கவில்லை.

மாஸ்க்கைப் பிடித்து இழுத்தேன். அது வரவில்லை, அக்காவின் தலைதான் கூட வந்தது. கொண்டை பிடித்துக்கொண்டிருந்தது. பட்டையின் கொக்கிக்குள் ஈர முடி சிக்கிக்கிடந்தது. தோழியின் விரல்கள் எண்ணெயில் வழுக்கின. நல்ல வெயில், சுற்றிலும் காற்று, தலை தண்ணீருக்கு மேலேதான் இருக்கிறது. ஆனாலும் என் கைக்குள்ளேயே அவள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பைத்தியம் பிடித்தவள் மாதிரி கண்ணாடியை அறைந்தேன்.

தொப்பென்று சத்தம். நீச்சல் தெரியாத அம்மா, புடவையோடு குளத்துக்குள் இறங்கியிருந்தாள். கால் வழுக்கி ஒரு முறை முழுகி எழுந்தாள். என்னைத் தள்ளிவிட்டு, அக்காவின் தாடைக்கு அடியில் இரண்டு கட்டை விரல்களையும் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடியை முன்பக்கமாக நெம்பினாள். இடுக்கு விழுந்தது. அதன் வழியே அக்கா சத்தத்தோடு மூச்சை இழுத்தாள். தோழி ஓடிப்போய்க் கத்தரிக்கோல் கொண்டுவந்து, பட்டையோடு ஒரு கொத்து முடியையும் சேர்த்து வெட்டினாள்.

மருத்துவமனையில் சாயங்காலம் வரை வைத்திருந்தார்கள். முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண்ணாடிக்குள், அவள் வெளியே விட்ட மூச்சே தேங்கி நின்றிருக்கலாம், அதையே திரும்பத் திரும்ப இழுத்திருப்பாள் என்றார் டாக்டர். மயங்கியிருந்தால் அவ்வளவுதான் என்றும் சொன்னார். அம்மா அக்காவின் ஈரத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஆட்டோவில் வரும்போதுதான் கேட்டேன். "காலை ஊனினா நின்னுருக்கலாமேக்கா. ஏன் எழுந்திருக்கல?"

அக்கா சொன்னாள். "நெஞ்சு அடைச்சுதுடி. தலை சுத்துச்சு. எழுந்திருக்கலாம்னுதான் கையத் தூக்கினேன். அப்பதான் நீ கத்தின. சரி, இது எப்பவும் வர்ற பயம்தான், கொஞ்சம் பொறுத்துக்கலாம்னு இருந்துட்டேன். அப்புறம் கை தூக்க வரல."

அந்தமானுக்குப் போனோம். வாயில் கடிக்கிற குழாயோடு அக்கா கடலில் மிதந்தாள். கலர் கலராக மீன் பார்த்ததாக இன்றும் கதை சொல்கிறாள். நான் ஒரு மீனைக்கூடப் பார்க்கவில்லை. அவள் கையை விடாமல் பிடித்து, அழுத்தி அழுத்தி, பதிலுக்கு அவளும் அழுத்துகிறாளா என்று பார்ப்பதிலேயே என் நேரம் போய்விட்டது.

யாராவது சத்தமில்லாமல் பொறுத்துக்கொண்டு இருந்தால், நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று நம்பிவிட்டு நகர்ந்துபோக எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை. கிட்டே போய், ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் நகர்கிறேன்.