சுபான் வகாய் ஏன் மேலே ஓடினார்?

மலையில் துப்பாக்கி சுடும் சத்தம் கேட்டதும் நான் கீழே ஓடினேன். ஆகவே அரசாங்கத்தின் பார்வையில் நான் ஒழுங்கான குடிமகன். சுபான் வகாய் மேலே ஓடினார். ஆகவே பதினோரு நாளாக விசாரணைக்கு அலைந்துகொண்டிருந்தார்.

சுபானுக்கு ஐம்பத்திரண்டு வயது. மலைமேல் இருக்கும் ஹாபத்மர்க் புல்வெளிக்கு வருகிற சுற்றுலாக்காரர்களைக் குதிரையில் ஏற்றிப் போவது அவர் தொழில். இரண்டு குதிரைகள் வைத்திருந்தார். அதில் லாலி என்ற கிழட்டுப் பெண்குதிரையைக் குதிரை என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். குதிரை நிலையத்தில் அடுத்த சவாரி யாருக்கு என்று முறை கூப்பிடுகிறவன் நான். என் தொண்டைக்கு ஓய்வு உண்டு, சுபான் வாய்க்கு ஓய்வே கிடையாது.

இளவயதில் அவரைத் துப்பாக்கிக்காரர்கள் மிரட்டி ரொட்டி வாங்கித் தின்றார்கள். ரொட்டி கொடுத்ததற்காகப் பட்டாளம் அடித்தது. அடுத்த மாதம் பட்டாளம் மிரட்டி விறகு சுமக்க வைத்தது. விறகு சுமந்ததற்காகத் துப்பாக்கிக்காரர்கள் அடித்தார்கள். "எடது காது அவங்க வாங்கிக்கிட்டது, வலது முட்டி இவங்க வாங்கிக்கிட்டது. ரெண்டு பக்கமும் மனசு கோணாம பாத்துக்கிட்டேன்" என்று உப்புத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொல்லுவார்.

எங்கள் நிலையத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஏற்றிப் போனவரை இறக்கிக் கொண்டுவர வேண்டும். மழையோ பனியோ, யார் ஏற்றினாரோ அவர்தான் இறக்க வேண்டும். நடந்தே இறங்குகிறேன் என்று யாராவது அடம்பிடித்தால், வெறுங்குதிரையோடு பின்னாலேயே வர வேண்டும். ஒருமுறை புதுமணத் தம்பதி மேலே போய்ச் சண்டை போட்டுக்கொண்டார்கள். அவர்கள் சமாதானமாகும் வரை சுபான் ஐந்து மணி நேரம் மழையில் நின்றார். "கல்யாணம் பண்ணிக்கிட்டது அவங்க, நனஞ்சது நானு" என்றார்.

அன்று அவர் ஏற்றிப் போனது நாசிக்கிலிருந்து வந்த மிருணாளையும் அவள் கணவன் கேதாரையும். அவர்களைப் புல்வெளியில் இறக்கிவிட்டு, பாதி வழியில் இருக்கும் ஓடையில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அப்போது தேவதாரு மரங்களுக்குள்ளிருந்து நான்கு பேர் வந்தார்கள். ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தவர்களையும் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களையும் சுட்டார்கள். ஒன்பது பேர் செத்தார்கள். எல்லாம் எங்கள் நன்மைக்காகத்தான் என்று மறுநாள் அறிக்கை விட்டார்கள். எங்களில் யாரைக் கேட்டார்கள் என்று மட்டும் அதில் இல்லை.

எல்லோரும் கீழே ஓடிவர, சுபான் மேலே ஓடினார். அரை மணி நேரத்தில் மிருணாளை முதுகில் சுமந்து வந்து, கீழே நிலையத்தில் என் பக்கத்தில் உட்கார வைத்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல், தானாக இறங்கி வந்திருந்த லாலியைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறினார். கேதாரோடு வந்தார். கேதார் செத்திருந்தான். "ரெண்டு பேர் போனாங்க, ரெண்டு பேரும் வந்தாச்சு" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தரையில் சாய்ந்தார்.

சுபான் லாலியோடு இறங்கி வந்ததை யாரோ படம் எடுத்திருந்தார்கள். முதல் நாள் தொலைக்காட்சியில் அவர் மாவீரர். மூன்றாம் நாள் அதே படத்தில் அவர் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'மர்மக் குதிரைக்காரர்' என்றார்கள். வட்டத்தின் ஓரத்தில் லாலியின் மூஞ்சியும் மாட்டிக்கொண்டது. சடலத்தை நகர்த்தித் தடயத்தை அழித்தார் என்று குற்றம். குதிரைச் சவாரிக்கான அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். பதினோராம் நாள் வழக்குப் பதிவு என்றார்கள். பதிவானால் சிறைதான், எத்தனை வருடமென்று யாருக்கும் தெரியாது. அவர் மனைவி ஜூனா வாசலில் நின்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்காவது வாய அடக்கிக்கச் சொல்லு, தம்பி." ஜாமீன்காரனாக நானும் காவல் நிலையத்துக்குக் கூடப் போனேன்.

"எல்லாரும் கீழ ஓடுறாங்க. நீ மட்டும் ஏன்யா மேல ஓடுன?" என்றார் அதிகாரி.

"கீழ என் ஆளுங்க யாரும் இல்லயே, ஜனாப்."

"பொணத்தத் தூக்க நீ என்ன ஆம்புலன்ஸா?"

"ஆம்புலன்ஸ் வந்திருந்தா நான் ஏன் தூக்கப் போறேன்?"

"நக்கலா? யார் சொல்லி எடுத்த? அத மட்டும் சொல்லு."

சுபான் தலையைக் குனிந்துகொண்டார். வாயால் வாழ்ந்த மனிதர் இந்த ஒரு கேள்விக்குப் பதினோரு நாளும் இப்படித்தான் ஊமையாக இருந்தாராம். எனக்கு ஆத்திரமாக வந்தது. "நிலையத்துச் சட்டம்னு சொல்லித் தொலைங்கண்ணே" என்று அவர் காதில் சொன்னேன். கேளாத காதில் சொல்லியிருக்கிறேன்.

அதிகாரி நாசிக்கில் இருந்த மிருணாளுக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். குதிரைக்காரன் மேல் சந்தேகம் உண்டா என்று கேட்டார்.

"சந்தேகமா?" என்றாள் மிருணாள். "நான்தான் சார் என் வீட்டுக்காரர எடுத்துட்டு வரச் சொன்னேன். அவரத் தனியா விட்டுட்டு வரமாட்டேன்னு உக்காந்துட்டேன். 'நீ மொதல்ல வாம்மா, நான் திரும்பப் போயி அவரக் கூட்டிட்டு வரேன்'னு சத்தியம் பண்ணித்தான் என்னத் தூக்குனாரு. அண்ணன் சொல்லலயா?"

அதிகாரி சுபானைப் பார்த்தார். "ஏன்யா சொல்லல?"

"சொன்னா அந்தப் புள்ளயயும் வரவழச்சு, இந்த நாற்காலியில உக்கார வெப்பீங்க, ஜனாப்."

அதிகாரி வழக்குத் தாளை மடித்து இழுப்பறையில் போட்டார். கிழிக்கவில்லை. எங்கள் ஊரில் எதையும் கிழிக்க மாட்டார்கள். ஆனால் அடையாள அட்டையை எடுத்து வெளியே வைத்தார். புல்வெளியைத்தான் மறு உத்தரவு வரை மூடியாகிவிட்டதே, அட்டையைக் கொடுப்பதில் அவருக்கு என்ன கஷ்டம்?

"அண்ணன் அங்க இருக்காரா?" என்றாள் மிருணாள். "அண்ணே, வழியில அவர எப்பிடிக் கொண்டுவந்தீங்க?"

சுபான் மேசையருகே குனிந்தார். "கயித்தால கட்டலம்மா. ஒரு கையால அணச்சுப் புடிச்சுக்கிட்டேதான் நடந்தேன். மேல போத்த வேற துணி இல்ல, குதிரப் போர்வையத்தான் போத்துனேன். ரொம்ப நாத்தம் அடிச்சிருக்கும். மன்னிச்சிரும்மா." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

 

"அவருக்குக் குளிரே ஆகாதுண்ணே" என்றாள். "போத்துனீங்களே, அது போதும்."