ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பி

அந்தச் செம்புக் கம்பியை வைத்தது நீங்கள்தான், முதலாளி. பாய் அல்ல. விரல் நீளக் கம்பி. ஒரு முனை கருகி, இன்றும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

வத்தலக்குண்டு சாலையில் இருந்த உங்கள் கார் ஆடியோ கடையில் பாயும் நானும் ஒன்றாக வேலை பார்த்தோம். அன்று வந்த காரில், பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் பாட்டு நின்றது. பேட்டரிக்குப் பக்கத்து ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தது. ஆம்ப்ளிஃபயர் கெட்டுவிட்டது என்றீர்கள். பாய் அதிலிருந்து பவர் ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி, புது ஃபியூஸ் போட்டார். என்னைக் காரைப் பிடித்துக் குலுக்கச் சொன்னார். பட்டென்று அதுவும் போனது.

"ஆம்ப்ளிஃபயரே லைன்ல இல்ல, அப்பவும் போகுதுண்ணே. ஒயரு எங்கயோ தகரத்துல உரசுது. செத்த நேரம் குடுங்க, கார்ப்பெட்டத் தூக்கிப் பாத்துருவோம்."

"ஏலே, மாப்பிள்ளை அழைப்புக்குப் போற வண்டி இது. நீ பிரியாணிக்குத் தம் போட்டாப்ல உக்காந்திருப்ப, அம்புட்டு நேரமும் அவுக நிக்கணுமாக்கும்?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நீங்களே கம்பியை வளைத்து ஃபியூஸ் இருந்த இடத்தில் சொருகினீர்கள். பாட்டு நிற்கவில்லை. ஃபியூஸ் இருந்திருந்தால், ஒயர் உரசியதும் அது போயிருக்கும், அதோடு முடிந்திருக்கும். கம்பி போகவில்லை, ஒயர் முழுவதும் பழுத்துவிட்டது. சின்னாளப்பட்டி தாண்டுவதற்குள் கார்ப்பெட் பற்றி, டிரைவரின் இரண்டு பாதங்களும் வெந்தன.

எரிந்த காரிலிருந்து கம்பியை எடுத்து ஒளிக்கச் சொன்னது நீங்கள். எடுத்தவன் நான்.

ஆஸ்பத்திரியில் கல்யாண வீட்டார் முன்னால், "இந்தப் பயதேன் கம்பிய வச்சான்" என்று பாயின் பிடரியைப் பிடித்து, கட்டுப் போட்டுக் கிடந்த டிரைவரின் கால்மாட்டில் குனியவைத்தீர்கள். "அப்பு, நீயாச்சும் சொல்லு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார் பாய். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். பிறகு தரையைப் பார்த்தேன்.

இன்று எனக்குச் சொந்தக் கடை இருக்கிறது. பாயை எந்தக் கடையும் சேர்ப்பதில்லை. காது கேட்கவே 'காரக் கொளுத்துன பாய்' என்கிறார்கள். தோல் கிடங்கில் மூட்டை சுமக்கிறார். நீங்களோ கடைக்காரர் சங்கத்தின் தலைவர். ஃபியூஸ் இல்லாமல் வண்டியை வெளியே விடாதே என்று மேடையில் புத்தி சொல்கிறீர்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் பாயை அழைத்து வருகிறேன். இந்தக் கம்பியை மேசையில் வைத்து, ஒளித்தவன் நான் என்று சொல்வேன். வைத்தவன் யார் என்று, அதே மைக்கில், பாயின் முகத்தைப் பார்த்து நீங்கள் சொல்லுங்கள்.