பபூன் எழுத்து

உஸ்மான் கனி பூந்தமல்லியில் ஜட்கா வண்டிகளுக்கு மரவேலை செய்து பிழைத்தவர். எழுத்துச் செதுக்கும் ஆசை அவருக்கு இருந்ததே இல்லை. ஒரு நாடகக்காரன் இழுத்துவிட்டான்.

வெள்ளைக்காரன் இன்னும் போகாத காலம் அது. நூம்பல் கங்காதரன் அந்தப் பக்கத்து நாடகங்களில் பபூன் வேஷம் கட்டுவான். சவுக்குக் கட்டைபோல் ஒல்லி, நெட்டை. ஒருநாள் நோட்டீஸ் ஒன்றைக் கையில் கசக்கிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தான்.

"இன்னா பாய், இத்தப் பாத்தியா? என் பேரை ரெண்டா ஒடைச்சி வச்சிகீறான்!"

நிஜந்தான். நோட்டீஸை அடித்த வீரராகவனின் அச்சகத்தில் இருந்த பெரிய எழுத்தெல்லாம் பூசணிக்காய் போல அகலம். 'நூம்பல் கங்காத' என்று ஒரு வரி முடிந்து, 'ரன்' மட்டும் கீழே அநாதையாகக் கிடந்தது.

"காகிதம் அவ்ளோதான் கீது. அதுக்கு நான் இன்னா பண்றது அண்ணாத்தே?" என்றார் உஸ்மான் கனி.

"மரத்துல செதுக்கிக் குடு. ஒல்லியா, ஒசரமா, என்னைமாரி."

விளையாட்டாகத்தான் உஸ்மான் கனி ஒப்புக்கொண்டார். மஞ்சக்கடம்புப் பலகையில் எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்கினார். முதலில் செய்ததெல்லாம் வீண். அகலத்தைக் குறைத்ததும் சுழிகள் அடைத்துக்கொண்டன. ஜட்காவில் எட்டுப் பேரைத் திணித்த மாதிரி எழுத்துகள் மூச்சுத் திணறின. எங்கே தப்பு என்று புரியாமல், சேக்காட்டில் கங்காதரன் ஆடிய நாடகத்துக்குப் போய் உட்கார்ந்தார். மேலுடம்பை விறைப்பாக நிமிர்த்திவைத்துக்கொண்டு, சேட்டை முழுவதையும் முழங்காலுக்குக் கீழே காட்டினான் அவன். பட்டறைக்குத் திரும்பியவர் அதையே மரத்தில் செய்தார். எழுத்துகளின் உடம்பு நேராக நின்றது. அடியில் மட்டும் ஆட்டம். 'த'வின் வால் எட்டி உதைத்தது. 'ங' சம்மணம் போட்டுக்கொண்டது. பெயர் ஒரே வரியில் அடங்கியது.

சிவப்பு மையில் அடித்து ஒட்டியதும், படிக்கத் தெரியாதவர்கள்கூட நின்று பார்த்துச் சிரித்தார்கள். 'பபூன் எழுத்து' என்று ஊரே பெயர் வைத்துவிட்டது. சோடா, மூக்குப்பொடி, சர்க்கஸ் விளம்பரங்களுக்கும் அதே எழுத்தைக் கேட்டு வந்தார்கள். மிச்ச எழுத்துகளையும் உஸ்மான் கனி செதுக்கி முடித்தார். ஒரு தடவை மட்டும், மாட்டுக் கொள்ளைநோய் அறிவிப்பை அவசரத்தில் அதில் அடித்துவிட, வெள்ளானூர்க்காரர்கள் ஆட்டம் என்றைக்கு என்று விசாரித்தார்களாம். அதோடு வீரராகவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கல்யாணம், கோயில், சாவு மூன்றுக்கும் அந்த எழுத்து கிடையாது. உஸ்மான் கனிக்கும் அது சரியென்றே பட்டது.

ஒரு மழைக்காலத்தில் கங்காதரன் விஷக்காய்ச்சலில் போய்ச்சேர்ந்தான். கருமாதி நோட்டீஸுக்காக அவன் மனைவி வேம்புலியம்மாள் அச்சகத்துக்கு வந்தபோது உஸ்மான் கனியும் அங்கே இருந்தார்.

"அவுரு எழுத்துலயே போடு நைனா," என்றாள்.

வீரராகவன் பதறினார். "அது சிரிக்கிற எழுத்தும்மா. ஜனங்க இன்னா நெனைக்கும்?"

"வேற எழுத்துல போட்டா யாருன்னே தெரியாது. எத்தினி செவுத்துல அவுரு பேரை அப்டியே பாத்துகீதுங்க!" அவள் உஸ்மான் கனியின் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லு பாய்."

செத்தவனைச் சந்தியில் நிறுத்திச் சிரிக்கவைப்பதா என்று அவருக்கு மனசு கூசியது. ஆனால் வேறு எழுத்தில் அந்தப் பெயரை நினைத்துப் பார்த்தார். அது வேறு யாருடைய பெயராகவோ தெரிந்தது.

"போடலாம்," என்றார் கடைசியில். "ஆனா செவப்பு வாணாம்."

"கறுப்புல அடிக்கிறேன்," என்றார் வீரராகவன், அரை மனதோடு. எழுத்துகளை வழக்கம்போல நெருக்கி அடுக்கியதும் அதே குதியாட்டம் வந்துவிட்டது. உஸ்மான் கனி ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவே சன்னமான மரச்சில்லு ஒன்றைச் சொருகச் சொன்னார். சுற்றியிருந்த பூ பார்டரை வீரராகவன் தானாகவே எடுத்தார். வெள்ளைக் காகிதத்தின் நடுவில் பெயர் தனியாக நின்றது. 'த' இன்னும் காலைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஆடுகிற மாதிரி இல்லை, பாதி அடியில் நின்றுபோன மாதிரி இருந்தது.

பூந்தமல்லிக் கடைத்தெருவில் அதை ஒட்டியபோது, உஸ்மான் கனி எதிர்ப்பக்கம் நின்று பார்த்தார். சந்தைக்கு வந்த ஒருவன் தூரத்திலிருந்தே பல்லைக் காட்டிக்கொண்டு ஓடிவந்தான். கிட்டே வந்து படித்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, நகராமல் நின்றான்.

கருமாதி அன்று நூம்பல் ஊரே கொள்ளாத கூட்டம். உறவும் இல்லாத, அழைப்பும் இல்லாத ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். முதலில் எல்லோரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் யாரோ ஒருவர் கங்காதரன் மேடையில் ராஜாவின் செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு கிரீடத்தைத் தேடிய கதையை எடுத்தார். இன்னொருவர் தொடர்ந்தார். சிரிப்பு மெல்லக் கிளம்பியது. உஸ்மான் கனி பயந்துபோய் வேம்புலியம்மாளைப் பார்த்தார்.

அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் செருப்பு நான் வாங்கிக் குடுத்தது பாய்," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.